ஐந்து கோடிக் கணக்கும் சந்தைத் தொழிலாளியின் வாழ்வும்

ஆண்டுதோறும் டிசம்பர் 31ஆம் நாளை ‘உலக அஜர்பைஜானியர் ஒருமைப்பாட்டு நாள்’ என்று பாகு அரசு கொண்டாடுகிறது. இந்த நாளுக்கு மக்கள் எழுதிய ஒரு வரலாறு உண்டு. 1989 டிசம்பர் இறுதியில் நக்சிவான் பகுதியில் சோவியத் – ஈரான் எல்லையில் நின்றிருந்த கம்பி வேலிகளை மக்கள் திரண்டு சென்று பிடுங்கி எறிந்தார்கள். அராஸ் ஆற்றின் இரு கரைகளிலும் தலைமுறைகளாகப் பிரிந்து கிடந்த உறவினர்கள் ஒருவரையொருவர் காணத் துடித்த துடிப்பு அது. 1991இல், அன்று நக்சிவான் அவையின் தலைவராக இருந்த ஹெய்தர் அலியேவ், அந்த நாளை ஒருமைப்பாட்டு நாளாக அறிவித்தார்.

அவருடைய மகன் இல்ஹாம் அலியேவ் 2003 முதல் அஜர்பைஜானின் குடியரசுத் தலைவர். 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி, நாட்டின் தரைவழி எல்லைகளைப் பயணிகளுக்கு அவருடைய அரசு மூடியது. தொற்று ஓய்ந்து ஆண்டுகள் பல கடந்த பிறகும், 2025ஆம் ஆண்டு முழுவதும் அந்தப் பூட்டு நீட்டிக்கப்பட்டுக் கொண்டே வந்தது. சரக்கு லாரிக்கு வழி உண்டு. எண்ணெய்க் குழாய்க்கு வழி உண்டு. எரிவாயுவுக்கு வழி உண்டு. ஆனால் ஜார்ஜியாவின் மார்னெவுலியில் வாழும் ஓர் அஜர்பைஜானியக் குடியானவர், எல்லைக்கு அப்பால் சில மணி நேரத் தொலைவில் இருக்கும் தம் தங்கையைப் பார்க்க வேண்டுமானால் விமானச் சீட்டு வாங்க வேண்டும். வேலியைப் பிடுங்கிய நாளைக் கொண்டாடும் அரசே வேலிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறது.

அயல்நாடுகளில் சிறுபான்மையாக வாழும் அஜர்பைஜானியரின் கதை இந்த ஒரே முரணில் அடங்கிவிடுகிறது. அவர்களுடைய பெயர் அரசுக்கு வேண்டும். அவர்களுடைய எண்ணிக்கை அரசுக்கு வேண்டும். அவர்களுடைய உரிமை மட்டும் எந்த அரசுக்கும் வேண்டாம்.

இந்திய வாசகருக்கு இது தொலைதூரத்து விவகாரம் அல்ல. 2025 மே மாதத்து இந்திய – பாகிஸ்தான் மோதலின்போது அஜர்பைஜான் அரசு பாகிஸ்தான் பக்கம் நின்றது. உடனே இங்குள்ள கார்ப்பரேட் ஊடகங்கள் ‘அஜர்பைஜானைப் புறக்கணிப்போம்’ என்று முழங்கின. ஓர் ஆட்சியாளரின் நிலைபாட்டுக்காக ஒரு மக்களினத்தையே பகையாக்கும் வெறி பரப்பப்பட்டது. அதே வேளையில், காஸ்பியன் கடலில் உள்ள அஜர்பைஜானின் மிகப்பெரிய எண்ணெய்ப் படுகையில் ஓஎன்ஜிசி விதேஷ் நிறுவனம் 2013இல் வாங்கிய 2.72 சதவீதப் பங்கைப் பற்றி அந்த ஊடகங்கள் மூச்சு விடவில்லை. மூலதனத்துக்குப் புறக்கணிப்பு கிடையாது. மக்களுக்கு மட்டுமே உண்டு. இந்த வெறிக்கு விடை, அந்த மக்கள் யார், எங்கே எப்படி வாழ்கிறார்கள் என்பதை வர்க்கக் கண்ணோட்டத்தோடு அறிவதுதான்.

ஐந்து கோடி என்னும் கணக்கு

உலகெங்கும் ஐந்து கோடி அஜர்பைஜானியர் வாழ்கிறார்கள் என்று பாகுவின் ஆட்சியாளர்கள் மேடைதோறும் பேசுகிறார்கள். அஜர்பைஜான் குடியரசின் மக்கள்தொகையோ ஏறத்தாழ ஒரு கோடி. அப்படியானால் நான்கு கோடிப் பேர் புலம்பெயர்ந்து சென்றவர்களா? இல்லை. அந்தக் கணக்கின் மிகப்பெரும் பகுதி ஈரானின் வடமேற்கில், தப்ரீஸ், அர்தபில், உருமியா, ஜன்ஜான் பகுதிகளில், தம் மூதாதையர் மண்ணிலேயே உழுது, நெய்து, வணிகம் செய்து வாழ்கிற மக்கள். அவர்கள் எங்கிருந்தும் எங்கும் பெயரவில்லை. பெயர்ந்தது எல்லைக்கோடு.

1813இன் குலிஸ்தான் ஒப்பந்தமும் 1828இன் துர்க்மென்சாய் ஒப்பந்தமும் ரஷ்ய ஜார் பேரரசுக்கும் ஈரானின் கஜார் மன்னராட்சிக்கும் இடையே எழுதப்பட்டவை. இரண்டு மன்னர்கள் போரிட்டு, இறுதியில் அராஸ் ஆற்றைக் கோடாகக் கிழித்தார்கள். ஆற்றின் வடக்கே வாழ்ந்தவர் ஜாரின் குடிகளானார்கள்; தெற்கே வாழ்ந்தவர் ஷாவின் குடிகளாகவே நீடித்தார்கள். எவரையும் யாரும் கேட்கவில்லை.

ஆகவே ‘புலம்பெயர் சமூகம்’ என்ற ஒற்றைச் சொல்லின் கீழ் மூன்று வேறுபட்ட வாழ்நிலைகள் குவித்து வைக்கப்பட்டுள்ளன. ஈரானிலும் ஜார்ஜியாவிலும் வாழ்வோர் மண்ணின் மக்கள். ரஷ்யாவில் வாழ்வோரில் பெரும்பாலோர் சோவியத் ஒன்றியம் சிதைக்கப்பட்டபின் பிழைப்புத் தேடிச் சென்ற உழைப்பாளிகளும் சிறு வணிகர்களும். ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் இருப்போரில் ஒரு பகுதியினர் அலியேவ் ஆட்சியின் ஒடுக்குமுறையிலிருந்து தப்பியவர்கள். இவர்களுடைய கோரிக்கைகள் வேறு, எதிரிகள் வேறு. இந்த வேறுபாட்டை அழித்து ‘ஒரே நாடு, ஒரே தலைவர், ஐந்து கோடி மக்கள்’ என்று பேசுவது எண்ணிக்கைப் பிழையன்று. அது ஆளும் வர்க்கத்தின் அரசியல்.

ஈரான்: தாய்மொழிக்கு இடமில்லாத வகுப்பறை

ஈரானில் பாரசீகருக்கு அடுத்த பெரிய தேசிய இனம் அஜர்பைஜானியர். ஒன்றரைக் கோடியில் தொடங்கி இரண்டு கோடிக்கு மேலும் மதிப்பீடுகள் நீளுகின்றன. 1906இன் அரசியல் சட்டப் புரட்சியைத் தம் குருதியால் காத்த நகரம் தப்ரீஸ். 1979இல் ஷாவின் முடியாட்சியை வீழ்த்திய எழுச்சியிலும் அந்நகரம் முன்வரிசையில் நின்றது. 1979 அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, பாரசீகத்தோடு வட்டார மொழிகளின் இலக்கியத்தையும் பள்ளிகளில் கற்பிக்கலாம் என்று எழுதி வைத்தது. எழுத்து ஏட்டில் இருக்கிறது. அஜர்பைஜானியக் குழந்தை இன்றும் முதல் வகுப்பில் அந்நிய மொழியில்தான் எழுத்தறிகிறது.

இந்தக் கொடுமையைத் தம் வாழ்நாள் முழுதும் எதிர்த்தவர் சமத் பெஹ்ரங்கி. அஜர்பைஜானியக் கிராமங்களில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். உலகம் அறிந்த ‘சின்னஞ்சிறு கறுப்பு மீன்’ கதையின் ஆசிரியர். தம் தாய்மொழி மக்களின் நாட்டுப்புறக் கதைகளை ஊர் ஊராய்த் திரட்டினார். ஆனால் பாரசீகத்தில்தான் அவற்றை வெளியிட நேர்ந்தது. 1968இல் அராஸ் ஆற்றில் அவருடைய உயிர் பிரிந்தது.

2006 மே மாதத்தில் அரசு நாளேடு ஒன்றின் சிறுவர் இணைப்பில், கரப்பான்பூச்சி அஜர்பைஜானியச் சொல்லைப் பேசுவதாகக் கேலிச்சித்திரம் வந்தது. தப்ரீஸ் தொடங்கி வடமேற்கு நகரங்கள் கொந்தளித்தன, உயிர்கள் பலியாயின. கொந்தளிப்புக்குக் காரணம் ஒரு சித்திரம் மட்டுமா? பல பத்தாண்டுகளாக வகுப்பறையிலும் அலுவலகத்திலும் விழுங்கப்பட்ட அவமானம் அன்று வெடித்தது.

இதற்கு ஈரானிய ஆளும் வட்டாரம் தரும் விடை எளிது. ‘அலி காமேனியின் தந்தைவழிக் குடும்பம் அஜர்பைஜானியர், 2024இல் தேர்ந்தெடுக்கப்பட்ட குடியரசுத் தலைவர் மசூத் பெஜெஷ்கியானின் தந்தை அஜர்பைஜானியர், இதில் எங்கே ஒடுக்குமுறை?’ என்று கேட்கிறது. உயர் பதவியில் ஒருவர் அமர்ந்தால் அவருடைய இனத்து உழைப்பாளியின் வாழ்வு மாறிவிடும் என்ற வாதம் இந்திய உழைப்பாளி மக்கள் நன்கறிந்த பழைய வாதம். ஒடுக்கப்பட்ட இனத்தின் மேல்தட்டினரை அரசு உள்ளிழுத்துக்கொள்ளும். அடித்தட்டினரின் மொழியை வாசலிலேயே நிறுத்திவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பவை.

மறுபுறம் இன்னொரு வஞ்சகம் காத்திருக்கிறது. ஈரானைத் தேசிய இனங்களின் பிளவுக்கோடு வழியே உடைக்க வேண்டும் என்று வாஷிங்டனிலும் டெல் அவிவிலும் வெளிப்படையாகவே எழுதுவோர் உண்டு. 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் ஈரான்மீது குண்டு பொழிந்தபோது அந்தக் குரல்கள் மேலும் உரத்தன. பாகு அரசோ இஸ்ரேலுக்கு எண்ணெய் விற்கிறது. 2016 முதல் 2020 வரை அது இறக்குமதி செய்த பெரும் ஆயுதங்களில் 69 சதவீதம் இஸ்ரேல் தந்தவை. தப்ரீஸ் மக்கள்மீது பாகு பொழியும் கண்ணீருக்குப் பின்னால் இந்த வணிகக் கணக்கு இருக்கிறது.

இந்த இடத்தில்தான் இடதுசாரிகளில் சிலரும் தடுமாறுகிறார்கள். ‘ஏகாதிபத்தியம் பயன்படுத்திக்கொள்ளும், ஆகவே ஈரானியச் சிறுபான்மையினரின் கோரிக்கையைப் பற்றிப் பேசாதிருப்பதே நன்று’ என்பது அவர்களுடைய வாதம். இது தவறான வாதம். தாய்மொழியில் கற்கும் உரிமையை ஏகாதிபத்தியம் கண்டுபிடிக்கவில்லை. உழைக்கும் மக்கள் கேட்டார்கள். அந்த உரிமையை மறுக்கும் அரசுதான் ஏகாதிபத்தியத்துக்குக் கதவைத் திறந்து வைக்கிறது. உரிமை வழங்கப்பட்ட வீட்டில் அந்நியன் மூட்டும் தீ பற்றாது. ஈரான்மீதான படையெடுப்பை ஐயத்துக்கு இடமின்றி எதிர்ப்பதும், ஈரானுக்குள் தேசிய இனங்களின் சமத்துவத்தைக் கோருவதும் ஒரே நிலைபாட்டின் இரு பகுதிகள்.

ரஷ்யா: கடைக்காரரும் கோடீஸ்வரரும்

ரஷ்யாவின் 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 6,03,070 அஜர்பைஜானியர் பதிவானார்கள். 2021இல் அது 4,74,576. பதிவாகாதவர் இன்னும் பலர். சோவியத் காலத்தில் ஒரே நாட்டின் குடிகளாக, பொறியாளராகவும் மாணவராகவும் மாஸ்கோவுக்குச் சென்றவர்கள், 1991க்குப் பிறகு ஒரே இரவில் அந்நியரானார்கள். ஆலைகள் தனியாருக்குத் தாரை வார்க்கப்பட்டு மூடப்பட்டன; கராபாக் போர் லட்சக்கணக்கானோரை அகதிகளாக்கியது. பழமும் காய்கறியும் பூவும் விற்கும் சந்தைகளே எஞ்சிய வழி.

பனியில் நின்று தக்காளி விற்றவர்மீதுதான் முதலாளித்துவ மீட்சியின் கோபமெல்லாம் திருப்பிவிடப்பட்டது. 2006 ஆகஸ்டில் மாஸ்கோவின் செர்கிஸோவ்ஸ்கி சந்தையில் நவபாசிஸ்ட்டுகள் வைத்த குண்டு 14 உயிர்களைக் குடித்தது. அடுத்த சில மாதங்களில் ரஷ்ய அரசு குண்டு வைத்தோரின் கோரிக்கையைச் சட்டமாக்கியது போல நடந்துகொண்டது: 2007 ஏப்ரல் முதல் சந்தைகளில் அயல்நாட்டவர் சில்லறை விற்பனை செய்யத் தடை. 2013 அக்டோபரில் மாஸ்கோவின் பிர்யுல்யோவோ பகுதியில் இளைஞர் ஒருவர் கொலையானார். குற்றம் சாட்டப்பட்டவர் அஜர்பைஜானியர். வெறிக் கும்பல் காய்கறிக் கிடங்கைத் தாக்கியது. மறுநாள் காவல்துறை என்ன செய்தது? கிடங்கில் வேலை செய்த ஏறத்தாழ 1,200 தொழிலாளர்களைச் சுற்றி வளைத்துப் பிடித்தது. குற்றம் ஒருவர்மீது, தண்டனை ஆயிரத்து இருநூறு பேருக்கு.

இதே சந்தை உலகத்தின் மறுபக்கத்தையும் காண வேண்டும். செர்கிஸோவ்ஸ்கி சந்தையின் உரிமையாளர் பாகுவில் பிறந்த கோடீஸ்வரர் தெல்மான் இஸ்மாயிலோவ். 2009 மே மாதத்தில் துருக்கியின் அந்தால்யா கடற்கரையில் நூறு கோடி டாலருக்கு மேல் செலவானதாகச் சொல்லப்பட்ட ஆடம்பர விடுதியை ஹாலிவுட் நட்சத்திரங்களை அழைத்துத் திறந்தார். அடுத்த மாதமே மாஸ்கோ அதிகாரிகள் சந்தையை மூடினார்கள். முதலாளிக்கு விடுதி இருந்தது. அங்கே கடை போட்டிருந்த, மூட்டை சுமந்த பல்லாயிரம் பேருக்கு மறுநாள் காலைக்கு எதுவும் இல்லை. அவர்களில் அஜர்பைஜானியர், தாஜிக்கியர், சீனர், வியட்நாமியர் எல்லாரும் இருந்தார்கள். இழப்பு அவர்களை ஒன்றாக்கியது; ‘இனம்’ அவர்களை முதலாளியோடு ஒன்றாக்கவில்லை.

ஆனால் ‘சமூகப் பிரதிநிதி’ என்று அரசு அழைத்துப் பேசுவது யாரை? எண்ணெய் அதிபர்களையும் கட்டுமான முதலாளிகளையும்தான். மாஸ்கோவின் பெரும் கட்டுமான முதலாளி அராஸ் அகலாரோவின் மகன் 2006இல் இல்ஹாம் அலியேவின் மருமகனானார். பின்னர் அந்த மணம் முறிந்தது. 2000இல் உருவான அனைத்து ரஷ்ய அஜர்பைஜானியர் காங்கிரஸ் அமைப்பை 2017இல் ரஷ்ய உச்ச நீதிமன்றம் கலைத்தது. மேலிருந்து கட்டப்பட்டது மேலிருந்தே இடிக்கப்பட்டது.

2025 ஜூன் இறுதியில் யெகாதெரின்பர்க் நகரில் பழைய வழக்குகளின் பேரில் காவல்துறை நடத்திய சோதனையில் பலர் பிடிக்கப்பட்டனர். அஜர்பைஜானியச் சகோதரர் இருவர் உயிரிழந்தனர். பாகு கொதித்தது. எப்படி? ரஷ்யப் பண்பாட்டு நிகழ்ச்சிகள் ரத்தாயின. ரஷ்யச் செய்தி நிறுவனத்தின் பாகு அலுவலகம் சோதனையிடப்பட்டது. பாகுவில் வாழ்ந்த ரஷ்யர் சிலர் கைதாகி, அடிபட்ட முகங்களோடு நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். அங்கே சிறுபான்மையினர்மீது விழுந்த அடிக்கு இங்கே வேறு சிறுபான்மையினரை அடித்துக் கணக்குத் தீர்த்தார்கள். அக்டோபரில் துஷான்பேயில் புட்டினும் அலியேவும் சந்தித்துக் கைகுலுக்கினார்கள். சந்தைத் தொழிலாளி முன்போலவே ஆவணச் சோதனைக்கு அஞ்சி வாழ்கிறார்.

ஜார்ஜியா: மண்ணிலேயே அந்நியர்

2014 கணக்கெடுப்பின்படி ஜார்ஜியாவில் 2,33,024 அஜர்பைஜானியர், மக்கள்தொகையில் 6.3 சதவீதம். க்வேமோ கார்த்லி மாநிலத்தில் பத்தில் நால்வருக்கு மேல் அவர்களே. மார்னெவுலி வட்டாரத்தில் பெரும்பான்மையே அவர்கள்தாம். உருளைக்கிழங்கும் காய்கறியும் விளைவித்துத் திபிலிசிக்கு உணவளிக்கும் உழவர்கள்.

1990களின் தொடக்கத்தில் தேசியவாத அலை எழுந்தபோது இவர்களுடைய ஊர்ப்பெயர்கள் மாற்றப்பட்டன. நிலம் தனியார்மயமானபோது எல்லையோர நிலம் அவர்களுக்குப் பகிரப்படவில்லை. செல்வாக்குள்ளோர் பெருங்குத்தகைக்கு எடுத்தார்கள். நிலத்தை உழுது வந்தவர்கள் அவர்களிடம் கூடுதல் விலைக்கு உள்குத்தகை பிடித்தார்கள். மொழிச் சிறுபான்மையின் துயரம் இங்கே நிலவுடைமைக் கேள்வியாகவே வெளிப்படுகிறது. அரசு மொழியான ஜார்ஜியத்தைச் சரிவரக் கற்பிக்கும் ஆசிரியர் இல்லாததால், சொந்த வட்டார அலுவலகத்தில் மனு எழுதக்கூட மற்றவரை நம்பியிருக்கும் நிலை நீடித்தது. 2010 முதல் சிறுபான்மை மாணவர்க்கு ஓராண்டு ஜார்ஜிய மொழிப் பயிற்சியோடு பல்கலைக்கழக இடம் வழங்கும் திட்டம் வந்தபின் ஒரு புதிய தலைமுறை வாய் திறந்து பேசுகிறது. உரிமை சிறிதே கிடைத்தாலும் மக்கள் ஒதுங்கி நிற்பதில்லை, முன்வருகிறார்கள் என்பதற்கு இதுவே சான்று.

இவர்களுக்காகப் பாகு என்ன செய்தது? பாகுவிலிருந்து திபிலிசி வழியாகத் துருக்கியின் ஜெய்ஹான் துறைமுகம்வரை 1,768 கிலோமீட்டர் நீளமுள்ள எண்ணெய்க் குழாய் இம்மக்களின் வயல்களை அடுத்துச் செல்கிறது. குழாயின் பாதுகாப்புக்காகத் திபிலிசியோடு இணக்கம் வேண்டும்; அந்த இணக்கத்துக்காகச் சிறுபான்மையினரின் நிலக் கோரிக்கை அடக்கி வாசிக்கப்படும். 2017 மே மாதத்தில் திபிலிசியில் தஞ்சம் புகுந்திருந்த அஜர்பைஜானியப் பத்திரிகையாளர் அஃப்கான் முக்தார்லி கடத்தப்பட்டு, எல்லை தாண்டி அஜர்பைஜான் சிறையில் அடைக்கப்பட்டார். அவருக்கு ஆறாண்டுத் தண்டனை, 2020இல்தான் விடுதலை. உறவினரைப் பார்க்கச் செல்வோருக்குப் பின்னர் மூடப்பட்ட அதே எல்லை, கடத்தப்பட்டவருக்குத் தாராளமாகத் திறந்தது.

ஐரோப்பா: எரிவாயுவின் விலை

2002இல் அயல்நாட்டு அஜர்பைஜானியருக்கென்று தனி அரசுக் குழுவையே பாகு அமைத்தது. அதன் வேலை அயல்நாட்டில் உள்ளோரின் கூலியையோ குடியிருப்பையோ பற்றியதன்று. ஆட்சியின் புகழைப் பரப்புவதும் பேரணிக்கு ஆள் திரட்டுவதும்தான். 2012 முதல் 2014 வரை போலி நிறுவனங்கள் வழியே 290 கோடி டாலர் கைமாறிய ‘அஜர்பைஜான் சலவை’ ஊழலைப் புலனாய்வுப் பத்திரிகையாளர்கள் 2017இல் அம்பலப்படுத்தினர். அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஐரோப்பிய அரசியல்வாதிகளின் சட்டைப்பைக்குச் சென்றது. இத்தாலியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு மிலான் விசாரணை நீதிமன்றம் 2021இல் நான்காண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. உழைப்பாளியின் பெயரால் நடக்கும் ‘சமூக உறவு’ இப்படித்தான் சலவை செய்யப்படுகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் மனித உரிமையைப் பற்றி உலகுக்கெல்லாம் பாடம் நடத்துகிறது. 2022 ஜூலையில் அதன் ஆணையத் தலைவர் பாகுவுக்குச் சென்று, 2027க்குள் எரிவாயு இறக்குமதியை ஆண்டுக்கு 2,000 கோடி கனமீட்டராக உயர்த்த ஒப்பந்தம் எழுதினார். அதே காலத்தில் ஜெர்மனியிலிருந்து தஞ்சம் மறுக்கப்பட்டுத் திருப்பியனுப்பப்பட்ட எதிர்க்கட்சிச் செயல்பாட்டாளர்கள் பாகுவில் போதைப்பொருள் வழக்குகளில் கைதானார்கள். பிரான்சில் தஞ்சம் பெற்றிருந்த விதாதி இஸ்கந்தர்லி 2024 இலையுதிர்காலத்தில் முலூஸ் நகரில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். குத்தியவரை ஏவியது யார் என்பதை நீதிமன்றம் சொல்ல வேண்டும். ஆனால் தஞ்சம் தேடியவர் அஞ்சி வாழும் நிலையை உருவாக்கியதில், எரிவாயுவுக்காக வாய்மூடிய அரசுகளுக்குப் பங்கு இல்லை என்று எவராலும் சொல்ல முடியாது.

வெளியே உரிமை, உள்ளே சிறை

2022 நவம்பரில் சமர்கண்டில் நடந்த துருக்கிய நாடுகளின் உச்சிமாநாட்டில், அயல்நாட்டில் வாழும் துருக்கிய இளைஞர்கள் தாய்மொழியில் கற்க இயலவில்லை என்று இல்ஹாம் அலியேவ் வருந்தினார். வருத்தம் நியாயமானது. வருந்தியவரின் நாட்டில் என்ன நடக்கிறது?

அஜர்பைஜானின் தென்பகுதியில் தாலிஷ் என்னும் சிறுபான்மை இனம் வாழ்கிறது. தாலிஷ் மொழிச் செய்தியேட்டின் ஆசிரியர் நோவ்ருஸாலி மம்மதோவ் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் தண்டிக்கப்பட்டு 2009இல் சிறையிலேயே இறந்தார். பெலாரஸில் பணியாற்றிய தாலிஷ் ஆய்வாளர் இக்பால் அபிலோவ் 2024இல் ஊருக்கு வந்தபோது கைதாகி, 2025 மே மாதத்தில் 18 ஆண்டுத் தண்டனை பெற்றார். அயல்நாட்டில் வாழ்ந்தவர்; தாய்மொழியை நேசித்தவர். ‘உலக அஜர்பைஜானியர் ஒருமைப்பாடு’ அவருக்குத் தந்தது சிறைக் கொட்டடி. ஆர்மீனியரோடு சமாதானம் வேண்டும் என்று எழுதிய, பிராக் நகரில் பயின்ற ஆய்வு மாணவர் பஹ்ரூஸ் சமதோவுக்கு 15 ஆண்டு. உணவு விநியோகத் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டிய தொழிற்சங்கத் தலைவர் அஃபியத்தின் மம்மதோவுக்கு 8 ஆண்டு.

ஆர்மீனியப் பிரச்சனையிலும் இதே இரட்டை நாக்குதான். 1988க்குப் பிறகு ஆர்மீனியாவில் வாழ்ந்த ஏறத்தாழ இரண்டு லட்சம் அஜர்பைஜானியர் விரட்டப்பட்டார்கள். அது கொடுமை, அவர்கள் திரும்பும் உரிமை மறுக்க முடியாதது. சும்காயித்திலும் பாகுவிலும் ஆர்மீனியர் தாக்கப்பட்டு விரட்டப்பட்டதும் கொடுமை. 2023 செப்டம்பரில் பாகுவின் படை நடவடிக்கைக்குப் பின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர் நாகோர்னோ கராபாக்கை விட்டு வெளியேறியதும் அதே கொடுமைதான். ஒரு மக்களின் திரும்பும் உரிமையைப் பேசி மற்றொரு மக்களின் உரிமையை மறுப்பவர் எவராயினும், அவர் பேசுவது உரிமையன்று, பழிவாங்கல்.

மறைக்கப்படும் மரபு

எண்ணெய்க்கும் புலம்பெயர்வுக்கும் இடையே வேறொரு வரலாறும் உண்டு. பாகுவின் ஆட்சியாளர்கள் அதை நினைவுகூர விரும்புவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலக எண்ணெயில் ஏறத்தாழப் பாதி பாகுவில் எடுக்கப்பட்டது. தெற்குக் கரையிலிருந்து, ஈரானிய அஜர்பைஜானிலிருந்து, நிலமற்ற உழவர்கள் அராஸைக் கடந்து எண்ணெய்க் கிணறுகளுக்கு வந்தார்கள். மிகக் குறைந்த கூலி, மிகக் கடினமான வேலை. இந்தப் புலம்பெயர்ந்த தொழிலாளிகள் ரஷ்யர், ஆர்மீனியர், ஜார்ஜியர், தாகெஸ்தானியரோடு தோளோடு தோள் நின்று வேலைநிறுத்தம் செய்தார்கள். 1904இல் பாகுவில் ‘ஹும்மத்’ என்ற சமூக ஜனநாயக அமைப்பு, முஸ்லிம் தொழிலாளரிடையே அவர்தம் மொழியிலேயே வேலை செய்யத் தோன்றியது. 1917இல் ஈரானியத் தொழிலாளர்கள் ‘அதாலத்’, அதாவது ‘நீதி’, என்ற கட்சியை அங்கே உருவாக்கினார்கள். 1920 ஜூனில் அன்சாலி துறைமுகத்தில் அதுவே ஈரான் கம்யூனிஸ்ட் கட்சியாயிற்று. ஒரு நாட்டின் கம்யூனிஸ்ட் கட்சிக்குக் கருவறையாக இருந்தது அயல்நாட்டுக் கூலித் தொழிலாளரின் குடிசைப் பகுதி. 1920 செப்டம்பரில் கீழைத்தேய மக்களின் மாநாடு பாகுவில் கூடியபோது, ஏறத்தாழ 1,900 பிரதிநிதிகளிடையே இந்தியரும் அமர்ந்திருந்தனர்.

அந்தப் பாகுவில் வளர்ந்தவர்தான் ஜாஃபர் பிஷேவரி. 1945 டிசம்பரில் தப்ரீஸில் அவர் தலைமையில் அமைந்த மக்கள் அரசு ஓராண்டுதான் நீடித்தது. அந்த ஓராண்டில் தாய்மொழிப் பள்ளிகள் திறந்தன. நிலம் உழவருக்குப் பகிரப்பட்டது. பெண்கள் வாக்குரிமை பெற்றனர். தப்ரீஸ் பல்கலைக்கழகம் தோன்றியது. 1946 டிசம்பரில் ஷாவின் படை அதைக் குருதியில் மூழ்கடித்தது. ஈரானுக்குள் தேசிய இன உரிமை என்ற கோரிக்கையை நிலச் சீர்திருத்தத்தோடு இணைத்த அந்த அனுபவம்தான், இன்று தப்ரீஸ் பற்றிக் கண்ணீர் விடுவோரும் தெஹ்ரானில் கண்ணை மூடுவோரும் ஒருசேர மறக்க விரும்புவது.

சோவியத் காலத்தின் குறைகளை மூடி மறைக்கவும் தேவையில்லை. 1937-38இல் எல்லையோர ஈரானியர் வெளியேற்றப்பட்டதும், 1947இன் ஆணைப்படி ஆர்மீனியாவிலிருந்து அஜர்பைஜானியர் பெருமளவில் இடம் மாற்றப்பட்டதும் தேசிய இனக் கொள்கையின் அடிப்படைக்கே முரணானவை. அவற்றைச் சொல்வதால் அந்தக் கொள்கை பலவீனமடையாது. மீறலை மீறல் என்று சொல்லும்போதுதான் அது வலுப்பெறும்.

எந்தப் பக்கம் நிற்பது?

புலம்பெயர்ந்தோரை விழா மேடைக்கு அழைத்து, துயரத்தில் கைவிடும் வித்தை பாகுவுக்கு மட்டும் உரியதன்று. 2003 முதல் இந்திய அரசு ஜனவரி 9ஐ அயல்நாடு வாழ் இந்தியர் நாளாகக் கொண்டாடுகிறது. 2019 செப்டம்பரில் ஹூஸ்டன் அரங்கில் பிரதமர் மோடி டிரம்ப்பின் கையைப் பற்றி வலம் வந்தார். 2025 பிப்ரவரியில் அதே டிரம்ப்பின் அரசு இந்தியரைக் கைவிலங்கிட்டு ராணுவ விமானத்தில் ஏற்றி அமிர்தசரஸில் இறக்கியபோது அந்தக் கை உயரவில்லை. அரங்கில் அமர்ந்தவர் வேறு வர்க்கம். விலங்கிடப்பட்டவர் வேறு வர்க்கம். பாகுவின் கணக்கைப் புரிந்துகொள்ள இந்தியத் தொழிலாளிக்கு அகராதி தேவையில்லை.

ஆகவே நிலைபாடு தெளிவாக இருக்க வேண்டும். சிறுபான்மையாக வாழும் அஜர்பைஜானியருக்கு அவர்கள் வாழும் இடத்திலேயே மொழியுரிமை, நிலவுரிமை, தொழிற்சங்க உரிமை, தஞ்ச உரிமை வேண்டும். அவை பாகுவின் கருணையாலோ ஐரோப்பாவின் பரிவாலோ வரப்போவதில்லை. தப்ரீஸின் ஆசிரியர் பாரசீக ஆசிரியரோடும், மார்னெவுலியின் உழவர் ஜார்ஜிய உழவரோடும், மாஸ்கோவின் மூட்டை சுமப்பவர் தாஜிக்கியரோடும் ரஷ்யரோடும் கைகோக்கும்போதே வரும். அதற்கு முதல் தடை, ‘உங்களுக்காக நாங்கள் பேசுகிறோம்’ என்று சொல்லும் அரசும் முதலாளியும்தான்.

ஐந்து கோடி என்று எண்ணுவோர் எண்ணட்டும். அந்த ஐந்து கோடியில் ஒரு தாலிஷ் ஆய்வாளருக்கும், ஒரு தொழிற்சங்கத் தலைவருக்கும், எல்லைக் கதவின் முன் நிற்கும் ஓர் உழவருக்கும் இடம் உண்டா என்ற கேள்விக்கு முதலில் விடை வர வேண்டும். விடை வராதவரை அந்தக் கணக்கு வெறும் கணக்கு. 1989இல் வேலியைப் பிடுங்கிய கைகள் எந்த அரசின் கட்டளைக்கும் காத்திருக்கவில்லை. பூட்டப்பட்ட எல்லைகளைத் திறக்கப்போவதும் அதே கைகள்தாம்.